நத்தை ஓட்டுக்குள் இருந்த சாம்பல்

பாயான் பாருவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்ப்பதுதான் என் வேலை. விரல் நகத்தைவிடச் சிறிய சில்லுகளில் கீறல் இருக்கிறதா, கால் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, நல்லதை வலப்பக்கமும் கெட்டதை இடப்பக்கமும் தள்ள வேண்டும். பிறகு என் லைனை வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். விருப்பத்தோடு விலகுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தொன்பது வயது.

முதல் மாதம் வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் துவைத்தேன். இரண்டாம் மாதமும் அதே திரைச்சீலைகளைத் துவைத்தேன். என் கணவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டே, "பஸ்ல ஒரு அக்கா சொன்னாங்க. ஜார்ஜ் டவுன்ல மைக்ராஸ்கோப் பாக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமாம். மண்ணுல எலும்பு பொறுக்கற வேலை" என்றார்.

"யாரு எலும்பு?"

"அதெல்லாம் நான் கேக்கல. நீ போய்க் கேளு லா. இன்னொரு தடவ அந்தக் கர்ட்டனைத் துவைச்சா கிழிஞ்சிரும்."

அப்படித்தான் போனேன். பழைய கடைவீடு ஒன்றின் மாடி அது. கீழே சைக்கிள் பழுது பார்க்கும் கடை. மேலே நீளமான ஒரே அறை. சுவரோரம் முழுக்கப் பிளாஸ்டிக் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. என் வயதுள்ள ஒரு மலாய்க்காரப் பெண் எழுந்து வந்தார். அவர்தான் அகழ்வாராய்ச்சிக் குழுவின் தலைவர். எல்லாரும் அவரை டாக்டர் என்றார்கள். நானும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை 'காக்' என்பார். மலாயில் அக்கா. நாங்கள் பேசியதெல்லாம் மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் என்னிடம் படிப்பு பற்றிக் கேட்கவில்லை. ஒரு தட்டில் சரளை மாதிரி எதையோ கொட்டி, "இதுல எலும்பு ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம், மீதி ஒரு பக்கம்" என்றார். எலும்பு எப்படி இருக்கும் என்று ஒரு துண்டைக் காட்டினார். ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். அவர் 'மீதி'யை எடுத்து லென்ஸில் பார்த்தார். அதிலிருந்து ஒன்றையும் எடுக்கவில்லை.

"மத்தவங்களுக்கு இது ஒரு நாள் வேலை, காக். எங்க கத்துக்கிட்டீங்க?"

"பேக்டரியில" என்றேன்.

அந்தச் சரளை வந்த இடம் எங்கள் தீவிலிருந்து கடல் பாலத்தைக் கடந்து இரண்டு மணி நேரம் தள்ளி, பேராக் மாநிலத்தின் வடக்கே உள்ள ஒரு சுண்ணாம்பு மலை. பாதி மலையைக் குவாரிக்காரர்கள் ஏற்கெனவே உடைத்து எடுத்துவிட்டார்கள். மீதிப் பாதியில் ஒரு குகை இருந்தது. அதில் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் மனிதர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். மலையை உடைக்கக் கம்பெனிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அதற்கு முன் குகையின் தரைக்குள் இருப்பதை எடுத்துவிட வேண்டும் என்று நிபந்தனை. நாலு மாதம் கொடுத்திருந்தார்கள். "மலையை நம்மால காப்பாத்த முடியாது. அதுக்குள்ள இருக்கறதைக் காப்பாத்தலாம்" என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். அதில் கோபமோ அழுகையோ இல்லை.

வாரத்தில் மூன்று நாள் ஜார்ஜ் டவுன் மாடியில், இரண்டு நாள் குகையில். குகைக்கு மர ஏணி போட்டிருந்தார்கள். என் முழங்கால் முதல் நாளே பேசத் தொடங்கிவிட்டது. ஆனால் உள்ளே போனதும் ஆச்சரியமாக இருந்தது. குளுகுளுவென்று, நம் வீட்டு வரவேற்பறை போல இரண்டு பங்கு அகலம். வாசலில் நின்றால் கீழே ஓடும் ஆறு தெரியும். அந்தக் காலத்தில் இருந்திருந்தால் நானும் இங்கேதான் குடியிருந்திருப்பேன் என்று நினைத்தேன்.

வேலை இப்படித்தான் நடக்கும். குழியில் பத்து சென்டிமீட்டர் வெட்டுவார்கள். அந்த மண்ணை ஒரு பையில் போட்டு, எந்த ஆழம் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கட்டுவார். நான் பையை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், சல்லடையில் கொட்டித் தண்ணீரில் அலசுவேன். மண் போய்விடும், ஓடும் எலும்பும் கல்லும் நிற்கும். அதைப் பேப்பரில் காயவைத்து, அதே பையில் திரும்பக் கொட்ட வேண்டும். மேலே இருந்த மண் சாம்பல் நிறம். ஆள்கள் நெருப்பு மூட்டியிருந்த மண். ஆழத்தில் இருந்தது மஞ்சள் களிமண். அலசிய பிறகு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெள்ளை வெள்ளையாக ஆற்று நத்தை ஓடுகள்.

குவாரியில் ஆள்களை மேற்பார்க்கும் மண்டோர், நாங்கள் போகும் நாளெல்லாம் மத்தியானம் ஏணியடியில் வந்து நின்று குரல் கொடுப்பார். வெடி வைக்கும் நேரம், எல்லாரும் இறங்கி வர வேண்டும். நாற்பது வயதிருக்கும். சிம்பாங் அம்பாட்டில் வீடு. தமிழர், கத்தோலிக்கர், ஹெல்மெட்டுக்குள் சிறிய மாதா படம் ஒட்டி வைத்திருந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் சந்தோஷமாகிவிட்டார்.

"அக்கா, தெரியாமத்தான் கேக்கறேன். இந்தப் பெரிய மலைய நாங்க லாரியில ஏத்தறோம். நீங்க ஒரு பை மண்ண மடியில வச்சிக் கொண்டு போறீங்க. இதுக்கு இவ்ளோ மரியாதையா?"

"உங்க லாரி மண்ணுல நத்தை இருந்தா சொல்லுங்க தம்பி, அதையும் மடியில வச்சிக்கறேன்" என்றேன். அவர் சிரித்தார். அன்றிலிருந்து எங்களுக்கு ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்.

நாலு மாதம் முடிந்தது. குழியின் ஓரத்தில் வெட்டாமல் விட்டிருந்த ஒரு மண் சுவர் மட்டும் குகையில் நின்றது. மண் அடுக்குகள் எப்படி இருந்தன என்று பார்க்க அப்படி விட்டுவைப்பது வழக்கம். சாமான்களை இறக்கி, மண்டோரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். பத்து நாள் கழித்து வரும் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்துக்கு வெடி என்றார்கள்.

மாடியில் பைகளைப் பிரித்துப் பொறுக்கும் வேலை தொடர்ந்தது. வெடிக்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, ஆழமான பை ஒன்றிலிருந்து பானை ஓட்டுத் துண்டு எடுத்தேன். கட்டை விரல் அளவு. மேலே கயிறு அழுத்திய கோடுகள். டாக்டரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் பையின் சீட்டைப் பார்த்தார். ஓட்டைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். "இந்த ஆழத்துலயா?" என்றார். அந்த ஆழத்து ஆள்களுக்குப் பானை செய்யத் தெரியாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அது பொய் என்றால் பாடப் புத்தகத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார். அதே பையில் இன்னும் மூன்று துண்டு கிடைத்தது. அவர் படம் எடுத்து வெளிநாட்டு நண்பர்களுக்கு அனுப்பினார். சாயங்காலம் எனக்கு ஆப்பம் வாங்கிக் கொடுத்தார். இவ்வளவு நாளில் அவர் இப்படித் துள்ளி நடந்து நான் பார்த்ததில்லை.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் போய்ச் சொன்னேன். கணவர், "அப்ப நீ பேப்பர்ல வருவியா?" என்றார்.

தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு தட்டில் இருக்கக் கூடாத சில்லு ஒன்று இருந்தால், அந்தச் சில்லைப் பார்ப்பதோடு நிறுத்த மாட்டோம். தட்டையும் பார்ப்போம், பக்கத்தில் இருந்த மற்றதையும் பார்ப்போம். புதன்கிழமை காலையில் டாக்டர் வருவதற்கு முன்னால், அந்தப் பையில் இருந்த நத்தை ஓடு ஒன்றை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தேன். ஓட்டின் சுருளுக்குள் எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் மண் நின்றுவிடும். ஊசியால் மெல்லக் கிண்டினேன்.

சாம்பல் உதிர்ந்தது.

இன்னொரு ஓடு. அதிலும் சாம்பல். பத்து ஓடு பார்த்தேன். மஞ்சள் களிமண் வர வேண்டிய இடத்தில் எல்லாவற்றிலும் சாம்பல்தான். அலமாரியிலிருந்து அதே நாளில் அலசிய மேல்மட்டத்துப் பையை எடுத்து வந்தேன். அதிலிருந்த ஓடுகளைக் கிண்டினால் மஞ்சள் களிமண்.

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஆற்றங்கரையில் இரண்டு பேப்பர்களில் காயவைத்திருந்தேன். திடீரென்று மழை. ஒரு பேப்பரைச் சுருட்டி ஒரு பையிலும், இன்னொன்றை இன்னொரு பையிலும் கொட்டிவிட்டு ஓடினேன். எந்தப் பேப்பர் எந்தப் பைக்கு என்று நின்று பார்க்கவில்லை. மாற்றிக் கொட்டியிருக்கிறேன். பானை ஓடு மேலே இருந்து வந்தது. மேலே பானை ஓடு இருப்பதில் ஓர் அதிசயமும் இல்லை.

கீழே கடைக்காரர் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. இது தெரிந்த ஒரே ஆள் நான். அந்த நத்தை ஓடுகளை அலசிக் கழுவி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. டாக்டர் ஆப்பம் வாங்கிக் கொடுத்ததும் கூடவே ஞாபகம் வந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

டாக்டர் படியேறி வந்ததும், கைப்பையை வைப்பதற்கு முன்னாலேயே, "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், டாக்டர்" என்றேன். மழையைச் சொன்னேன், பேப்பரைச் சொன்னேன். அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். அவரே ஊசியை வாங்கி நாலு ஓடுகளைக் கிண்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"எத்தனை பேருக்குப் போன் பண்ணிச் சொல்லணும் தெரியுமா, காக்?" என்றார்.

"மன்னிச்சிருங்க."

"மழை வரும்னு தெரிஞ்சும் அலசச் சொன்னது நான்." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா, இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சி வேற யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்க. அப்ப என் நிலைமை என்ன ஆகியிருக்கும்?"

அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும். பிறகு அவர், "நத்தைக்குள்ள இருக்கிற மண் மட்டும் போதாது. குகையில விட்டு வந்த அந்தச் சுவர்ல ஒரு பத்தை வெட்டிப் பாத்தா சந்தேகமே இல்லாம தெரிஞ்சிரும்" என்றார். நாங்கள் இருவரும் காலண்டரைப் பார்த்தோம். வெடி நாளை மறுநாள்.

மண்டோரைக் கூப்பிடும் வேலையை என்னிடம் விட்டார். "உங்களை அக்கான்னு கூப்பிடறார். நீங்க கேளுங்க."

கேட்டேன். போனில் லாரிச் சத்தம்.

"அக்கா, வெள்ளிக்கிழமை வெடி. ஓட்டை எல்லாம் போட்டாச்சு. நான் மண்டோர் லா, பாஸ் இல்ல."

"ஒரே ஒரு நாள் தம்பி. தப்பு என்னோடது. அத சரி பண்ணிட்டு வந்துடறேன்."

"என்ன தப்பு?"

சொன்னேன்.

"நீங்களே போய்ச் சொன்னீங்களா?"

"ஆமா."

"சரி. நாளைக்கு வாங்க. வெள்ளிக்கிழமை மூணு மணி வரைக்கும் நிறுத்தி வைக்கப் பாக்கறேன். காலையில வடக்குப் பக்கத்து வெடிய மொதல்ல வைக்கச் சொல்றேன், அது தூரம், நீங்க இறங்க வேணாம். இன்ஜினியர் கேட்டா வேற ஏதாவது சொல்லிக்கறேன்."

வியாழக்கிழமை விடிந்ததும் டாக்டரின் வேனில் கிளம்பினோம். நான், டாக்டர், இரண்டு மண்வெட்டி, பிளாஸ்டர் மூட்டை ஒன்று. பிளாஸ்டர் எதற்கு என்று கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

அந்த மண் சுவரைக் கிட்டத்தட்டக் கரண்டி கரண்டியாக வெட்டினோம். இந்த முறை டாக்டர் அலசும்போது நான் பக்கத்தில் நின்றேன், நான் அலசும்போது அவர் நின்றார். ஒரு நேரத்தில் ஒரு பைதான். பானைத் துண்டுகள் மேலே சாம்பல் மண்ணில் மட்டும் வந்தன. மஞ்சள் களிமண்ணில் ஒன்றுகூட இல்லை. வியாழன் மாலைக்குள் அது முடிவாகிவிட்டது. என் தப்பு தப்புத்தான் என்று உறுதியானதில் எனக்கு இவ்வளவு நிம்மதி வரும் என்று நான் நினைக்கவில்லை. அன்று பக்கத்து ஊர் விடுதியில் மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல்ஸ், சாப்பிட்டோம். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கடைசி இருபது சென்டிமீட்டர் பாக்கி. அதை விட்டுவிட்டே வந்திருக்கலாம். டாக்டர், "மூணு மணி வரைக்கும் கொடுத்திருக்கார். வீணாக்க வேணாம்" என்றார். சுவரின் அடியில் முட்டிபோட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். கரண்டி முனையில் கிளுக் என்று ஒரு சத்தம். தூரிகையால் தள்ளினேன். நத்தை ஓடு. பக்கத்தில் இன்னொன்று. சிதறிக் கிடக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டு கை நிறைய அள்ளி ஓரிடத்தில் கொட்டியது போல ஒரு சின்னக் குவியல். குவியலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டையான ஆற்றுக் கல், அதன் நடுவில் ஒரு குழிவு.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஓடுகளின் வால் முனை எல்லாம் உடைந்திருந்தது. மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காக், நீங்க சீப்புட் சாப்பிடுவீங்களா?" என்றார். நத்தைக்கு மலாயில் அதுதான் பெயர்.

"சாப்பிடுவேன். பசார்ல வாங்கி, வாலைக் கொறடால வெட்டி, தேங்காப் பால்ல போட்டு."

"வாலை ஏன் வெட்டறீங்க?"

"அப்பத்தானே வாய வச்சி உறிஞ்ச வரும்."

சொல்லிவிட்டுத்தான் எனக்கே புரிந்தது. அன்று இங்கே இருந்த யாரோ கல்லின் மேல் வைத்துத் தட்டித் தட்டி, வாலை உடைத்து, உறிஞ்சிவிட்டு, ஓட்டைப் பக்கத்தில் போட்டிருக்கிறார். ஒருவரா, இரண்டு பேரா தெரியாது. ஆனால் ஒரே வேளை, ஒரே இடம். நான் முட்டி போட்டிருந்த இடத்தில்தான் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஆறு நன்றாகத் தெரிந்தது.

பத்தரை மணி. குவியலைக் கலைக்காமல் அப்படியே மண்ணோடு பெயர்த்து எடுப்பது என்று டாக்டர் முடிவு செய்தார். சுற்றிலும் வெட்டி, ஈரப் பேப்பர் போர்த்தி, பிளாஸ்டரில் தோய்த்த துணியைப் பட்டை பட்டையாகச் சுற்றினோம். கால் உடைந்தால் கட்டுவார்களே அப்படி. குகையின் ஈரத்தில் பிளாஸ்டர் சீக்கிரம் இறுகவில்லை. ஒரு மணிக்கும் கொழகொழவென்றுதான் இருந்தது. டாக்டர் தன் தலைத்துண்டு முனையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் சாப்பாட்டுப் பொட்டலத்தின் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு பயனும் இருந்திருக்காது.

இரண்டு மணிக்கு மண்டோர் ஏணியில் ஏறி வந்தார். அதுவரை அவர் மேலே வந்ததே இல்லை. கட்டிப்போட்ட வெள்ளை மூட்டையைப் பார்த்தார்.

"உள்ள என்ன அக்கா? பொணமா?"

"இல்ல தம்பி. சாப்பாடு."

"யாரோட சாப்பாடு?"

"ரொம்ப நாளைக்கு முன்னாடி இங்க இருந்தவங்களோடது."

அவர் மூட்டையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. "ஏணியில எப்படி இறக்குவீங்க?" என்றார். வாக்கி டாக்கியில் பேசினார். கொஞ்ச நேரத்தில் வங்காளதேசத் தொழிலாளிகள் நாலு பேர், காயம்பட்டவர்களைத் தூக்கும் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். மண்டோர் அவர்களிடம் மலாயில், "கண்ணாடின்னு நெனச்சிக்கோங்க" என்றார். மூட்டைக்கு அடியில் பலகை செருகி, ஸ்ட்ரெச்சரில் கட்டி, ஒரு படி இறக்கி நிறுத்தி, அடுத்த படி இறக்கி நிறுத்தி, கீழே கொண்டுபோய்ச் சேர்க்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. நான் மேலே நின்றுகொண்டு முருகா முருகா என்றேன். பக்கத்தில் டாக்டரின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. என் முழங்காலுக்காகக் கொண்டுவந்திருந்த தலையணையை வேனில் மூட்டைக்கு அடியில் வைத்தோம்.

மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. நாங்கள் பெரிய ரோட்டோரம் வேனை நிறுத்தியிருந்தோம். தரை ஒருமுறை அதிர்ந்தது, பிறகு வெள்ளைத் தூசி எழுந்தது. டாக்டர் வேனை விட்டு இறங்கிப் பார்க்கவில்லை. நான் இறங்கிப் பார்த்தேன். வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் இருக்கும் பிளாட்டும் இந்த மாதிரி ஏதோ ஒரு மலையில் எடுத்த கல்லும் சிமெண்டும்தானே என்றும் தோன்றியது. இரண்டையும் ஒரே சமயத்தில் நினைத்துக்கொண்டு நின்றேன்.

மாடியில் அந்த மூட்டையைப் பிரித்துச் சுத்தம் செய்ய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. டாக்டர் தான் படம் அனுப்பியிருந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து தன் பானைச் செய்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சிலர் சிரித்தார்களாம். அறிக்கையில் பைகள் மாறிப்போனதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். தப்பைச் செய்ததும் கண்டுபிடித்ததும் பொறுக்கும் வேலை செய்தவரே என்று அதில் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். கணவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இது பாராட்டா, திட்டா?" என்றார். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் என் வேலையை நீட்டித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டோர் மனைவியோடு ஜார்ஜ் டவுனுக்கு வந்தார். அவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்தேன். ஹெல்மெட் இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையில் அவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. குவியல் மேசை நடுவில், பிளாஸ்டர் தொட்டிலில் கிடந்தது. இருவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள்.

"நான் கூட எலும்புக்கூடுன்னு நெனச்சேன்" என்றார் அவர் மனைவி. "இது நம்ம வீடு மாதிரியே இருக்கு. சாப்ட்டுட்டு எடுத்துப் போடாம போயிருக்காங்க."

மண்டோர் ஓர் ஓட்டைச் சுட்டிக்காட்டினார். அது ஒன்றின் வால் மட்டும் உடையாமல் முழுசாக இருந்தது. டாக்டரும் நானும் அதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். காரணம் தெரியாது.

"இத ஏன் விட்டுட்டாங்க?"

"வயிறு நெறஞ்சிருக்கும்" என்றார் மனைவி.

"கெட்டுப்போனதா இருக்கும்" என்றார் மண்டோர்.

அதைப் பற்றி இருவரும் படியிறங்கும்வரை பேசிக்கொண்டே வந்தார்கள். நான் கதவைப் பூட்டினேன். மூன்று பேருமாகத் தெருமுனைக் கடைக்குச் சாப்பிடப் போனோம். அவர்கள் மீன் குழம்பு வாங்கினார்கள். நான் ஆட்டுக்கறி வாங்கினேன். பேச்சு அவர்கள் மகளின் பள்ளிக்கூடம், பாலத்து ஜாம், அடுத்து குவாரி எந்த மலைக்குப் போகும் என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது.